பேக்கில் நிற்பவனின் தர்மம்

சென்னை வடபழனியிலும் அதை ஒட்டிய சாலிகிராமம், கே.கே. நகர் பகுதிகளிலும் பிள்ளைகள் ஓடி விளையாட வெற்று நிலம் அதிகம் மிஞ்சவில்லை. மாநகராட்சித் திடல்கள் சில, பள்ளி மைதானங்கள், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டர்ஃப்கள், அவ்வளவுதான். அங்கே ஃபுட்பால் ஆட வரும் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பெரியவர்கள் பிரித்து நிறுத்தும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமாக ஓடுகிறவன் ஃபார்வர்ட். உடம்பு திடமாக இருப்பவன் பேக். குண்டாக இருப்பவனோ கடைசியாக வந்து சேர்ந்தவனோ கோல்கீப்பர். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தப் பங்கீடு பல பிள்ளைகளுக்கு ஐந்தாண்டு நீடிக்கிறது. "இன்றைக்கு நீ பேக்கில் நில்" என்று தொடங்கியது "அவன் பேக்" என்றாகிவிடுகிறது. பிள்ளை முணுமுணுத்தால், அவரவர்க்கு விதித்ததை அவரவர் செய்வதுதான் தர்மம் என்று கீதையைத் துணைக்கு அழைக்கும் பெரியவர்களும் உண்டு. இந்தத் துணையழைப்பைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஆட்டத்தில் ஒருவர் நிற்கும் இடம் அவருடைய சுதர்மமா, அதாவது அவருக்கே விதித்த கடமையா? ஆம் என்றால் எந்தப் பொருளில்? ஆடுகளம் சுதர்மக் கோட்பாட்டின் ஒரு பாதியை மிக வலுவாக நிரூபிக்கிறது, மறு பாதியை அதே வலுவோடு மறுக்கிறது என்பது என் வாதம். பிள்ளைகளுக்கு நாம் பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பது மறுக்கப்பட்ட பாதியை.

முதலில் இடங்கள் என்னவென்று பார்ப்போம். கோல்கீப்பருக்கு முன்னால் பேக்குகள்: நடுவில் ஸ்டாப்பர்கள், ஓரங்களில் லெஃப்ட் பேக், ரைட் பேக். அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டர்கள். பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் ஹாஃப் என்பார்கள். ஓரக்கோட்டை ஒட்டி ஓடுபவர்கள் விங்கர்கள். எதிரணி கோலுக்கு மிக அருகில் நிற்பவர் ஸ்ட்ரைக்கர். புதிதாக வரும் பிள்ளைக்கு இதை ஒரு வரைபடமாகக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது வழக்கம். பிள்ளையும் தன் வட்டத்தைத் தேடிப் போய் அதற்குள் நின்றுகொள்ளும். ஆனால் ஆட்டம் தொடங்கி அரை நிமிடத்தில் அந்த வட்டங்கள் எதுவும் வரைந்த இடத்தில் இருப்பதில்லை. லெஃப்ட் பேக் பந்தோடு முன்னேறினால், அவர் விட்டுப்போன வெளியை ஸ்டாப்பரோ மிட்ஃபீல்டரோ நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் கவர். எதிரணியில் ஒருவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது மார்க்கிங். அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் காவலர் நிற்கும் இடமும். எதிரணிக்கு கார்னர் கிடைத்தால் உயரமான ஸ்ட்ரைக்கர் தன் கோலுக்கு முன்னால் ஓடிவந்து பந்தைத் தலையால் தட்டி வெளியேற்றுகிறார். ஆக, லெஃப்ட் பேக் என்பது தரையில் ஒரு சதுரம் அல்ல. பந்து எங்கே, கூட இருப்பவன் எங்கே, எதிராளி எங்கே என்ற மூன்றையும் பொறுத்து நொடிக்கு நொடி மாறும் ஒரு கடமை. அது இன்னொருவருக்கு ஆற்ற வேண்டிய கடமை. அருகில் இருப்பவன் நகர்ந்தால் அதுவும் நகரும்.

இந்த விளையாட்டின் சட்டப் புத்தகம் பதினேழு விதிகள் கொண்டது. அதில் பேக் இல்லை, ஹாஃப் இல்லை, விங்கர் இல்லை, ஸ்ட்ரைக்கரும் இல்லை. சட்டம் அறிந்த ஒரே தனி இடம் கோல்கீப்பர். மற்றவை எல்லாம் ஆடுகிறவர்கள் காலப்போக்கில் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஒரே இடமும் ஆதியில் இருந்ததில்லை: 1863இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட முதல் விதிகளில் கோல்கீப்பரே கிடையாது, 1871இல்தான் அவர் வருகிறார். வந்த பிறகும் அவருடைய கடமை மாறிக்கொண்டே இருந்தது. 1912 வரை தன் பாதி மைதானம் முழுவதும் அவர் பந்தைக் கையாலெடுக்கலாம். பிறகு அது பெனால்டி பகுதிக்குள் சுருங்கியது. 1992இல், தன் அணியினர் வேண்டுமென்றே காலால் தட்டித் தந்த பந்தை அவர் கையால் தொடக்கூடாது என்றானது. அன்றிலிருந்து உலகெங்கும் கோல்கீப்பர்கள் பேக்குகளைப் போலப் பந்தை உதைக்கப் பழக வேண்டியதாயிற்று. இன்னொன்றையும் அந்தப் புத்தகம் சொல்கிறது. அணியில் உள்ள எவரும் கோல்கீப்பரோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். நிபந்தனை இரண்டே: ஆட்டம் நின்றிருக்கும் வேளையில் மாற வேண்டும், நடுவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் மாறினால் இருவருக்கும் மஞ்சள் அட்டை. இடத்தை மாற்றியதற்காக அல்ல அந்தத் தண்டனை. யார் எந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்பதை மற்றவர்களுக்கு மறைத்ததற்காக. பொறுப்பு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது, நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.

ஆஃப்சைடு விதி இன்னும் நுட்பமானது. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். எதிரணிப் பாதியில், பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோல் கோட்டுக்கு அருகில் நிற்பவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். அப்படி நிற்பது குற்றமல்ல என்று பதினோராவது விதி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. சக ஆட்டக்காரர் பந்தைத் தட்டும்போது அந்த நிலையில் இருந்தவர், பிறகு ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். பந்தை விட்டு ஒதுங்கி நின்றால் ஒன்றுமில்லை. எங்கே நிற்கிறாய் என்பதைக் கொண்டு ஒருவரைத் தீர்ப்பிடாமல், அங்கிருந்து என்ன செய்தாய் என்பதைக் கொண்டு தீர்ப்பிடும் இந்த ஒழுங்கை அறவியல் பாடமாகவே வைக்கலாம். நிற்கும் இடத்தாலேயே ஒருவர் தூய்மையானவர், இன்னொருவர் தீட்டானவர் என்று பல நூற்றாண்டுகள் தீர்ப்பிட்டுப் பழகிய சமூகத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

இனி எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்துக்கு வருகிறேன். பிறர் தர்மத்தைச் சிறப்பாகச் செய்வதைவிடத் தன் தர்மத்தைக் குறையோடு செய்வதே மேல் என்ற கருத்து கீதையில் மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் வருகிறது. ஃபுட்பால் ஆடத் தொடங்கும் பிள்ளைகளைக் கவனித்த எவருக்கும் இதன் உண்மை உடனே விளங்கும். பத்துப் பேரும் பந்தின் பின்னால் ஓடுவார்கள். பந்து இருக்கும் இடத்தில் கூட்டம், மற்ற இடமெல்லாம் வெறிச்சென்று கிடக்கும். எதிரணிக்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்திலிருந்து பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினால் கோல்கீப்பர் தனியாகத் தவிப்பார். பந்து தன்னிடம் வராத அரைமணி நேரமும் தன் பக்கத்தைக் காத்து நிற்கிற பேக், கோல் போடும் ஆசையில் ஓடிப்போகும் திறமைசாலியைவிட அணிக்கு அதிகம் செய்கிறார். இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். நிற்க வேண்டியவர் நிற்காவிட்டால் அணியே இல்லை. இதுதான் ஆடுகளம் நிரூபிக்கும் பாதி. ஆனால் இந்த உண்மையிலிருந்து அடுத்த படிக்குத் தாவுகிறவர்கள் இரண்டு வேறு செயல்களை ஒன்றாக்கிவிடுகிறார்கள். கடமையைக் கைவிடுவது வேறு, கடமையைக் கைமாற்றுவது வேறு. லெஃப்ட் பேக் சொல்லாமல் கொள்ளாமல் முன்னால் ஓடினால் அது கைவிடுதல். அவர் ஓட, விங்கர் பின்வாங்கி அந்த இடத்தைக் காத்தால் கடமை ஒரு கணமும் ஆளில்லாமல் இருக்கவில்லை, ஆள்தான் மாறினார். ஆட்டத்துக்குத் தேவை அந்தக் கடமை நிறைவேறுவது. இன்னார்தான் அதை நிறைவேற்ற வேண்டும் என்று ஆட்டம் ஒருபோதும் கேட்பதில்லை.

இதற்கு இந்திய ஃபுட்பாலின் மிகப் பெரிய வெற்றியே சான்று. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. அந்த அணியின் நடுக்காவலர் ஜர்னைல் சிங், ஆசியாவிலேயே சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர் என்று பெயரெடுத்தவர். தாய்லாந்துடனான ஆட்டத்தில் அவருக்குத் தலையில் அடிபட்டது. பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம் அவரை முழுதாக ஒதுக்கிவிடவில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் போட்டார். தென் கொரியாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 2–1 என்று இந்தியா வென்றபோது, அந்த இரண்டில் ஒரு கோலும் அவருடையது. காப்பவர் என்று நாடே அறிந்தவர் போட்ட கோல் அது. அதே அணியில் இருந்த கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜின் கதை இதன் மறுபுறம். செகந்திராபாத்தில் ஆடத் தொடங்கிய அவர், 1950களில் ராணுவத்தில் சேர்ந்து நீலகிரி வெலிங்டனைத் தளமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு வந்தபோது ஒரு சென்டர் ஃபார்வர்ட். பிறகுதான் கோலுக்கு முன் போய் நின்றார். அந்த அணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. அவர் இரண்டு ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்கு ஆடினார், 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். உன் இடம் முன்வரிசைதான், அதுவே உன் சுதர்மம் என்று அந்த இளைஞரிடம் யாராவது சொல்லி அவரும் நம்பியிருந்தால், இந்தியா தன் மிகச் சிறந்த கோல்கீப்பரை இழந்திருக்கும். நம் காலத்திலும் குமரிக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், தாக்கி ஆடும் இடத்திலிருந்து மாறி 2019–20இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு இடது விங் பேக்காக ஆடினார். அந்த ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கோப்பை அந்த அணிக்குத்தான்.

இயற்கை என்று ஒன்று இல்லையா என்று கேட்கலாம். தங்கராஜ் நெடிய உயரம். அந்த உயரம்தானே அவரை கோல்கீப்பராக்கியது? கீதையும் நான்காம் அத்தியாயத்தில் குணத்தையும் செயலையும் வைத்துத்தானே பிரிவைச் சொல்கிறது? நல்ல கேள்வி. உடம்பும் இயல்பும் உண்மைதான். இடது காலால் இயல்பாக உதைக்கும் பிள்ளைக்கு இடது ஓரம் எளிதாக வரும். ஆனால் தங்கராஜ் சென்டர் ஃபார்வர்டாக நின்றபோதும் அதே உயரம்தான். அந்த உயரம் எதற்கு உதவும் என்பதை ஆடிப் பார்த்துத்தான் அறிய முடிந்தது. முன்னதாக அவர் பிறப்பைக் கேட்டு யாரும் சொல்லியிருக்க முடியாது. குணத்தை அளவுகோலாக ஏற்பவர், குணம் வெளிப்படும் வரை காத்திருக்கவும், வெளிப்பட்டது மாறினால் இடத்தை மாற்றவும் கடமைப்பட்டவர். பிறப்பிலேயே இடத்தை முடித்துவிட்டு அதற்குக் குணம் என்று பெயர் வைப்பவர், குணத்தைச் சோதிக்கும் வாய்ப்பையே அடைத்துவிடுகிறார். 1936இல் அம்பேத்கருக்கும் காந்திக்கும் நடந்த விவாதத்தின் மையம் இதுதான். சாதி வேலையைப் பகிர்ந்து தருவதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழ் அடுக்குகளாக அடைத்துவிடுகிறது என்று அம்பேத்கர் வாதிட்டார். மூதாதையர் தொழிலால் பிழைப்பதே வருணம் காட்டும் வழி என்று காந்தி தன் இதழில் பதில் எழுதினார். ஆடுகளத்தைச் சாட்சிக்கு அழைத்தால் அது அம்பேத்கர் பக்கமே பேசும் என்று நினைக்கிறேன். முற்பிறவி வினைதான் இப்பிறவியின் இடத்தைத் தீர்மானிக்கிறது என்பவரோடு ஆடுகளத்தை வைத்து வாதிட முடியாது. அந்தக் கூற்றை எந்தச் சான்றும் தொட முடியாது. ஆனால் அதே காரணத்தால் எந்தச் சான்றும் அதைத் தாங்கவும் முடியாது. எட்டு வயதுப் பிள்ளையை ஒரு மூலையில் நிறுத்திவைக்க அது போதாது.

வடபழனியில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு கீதை மட்டும் துணையல்ல. தெருவுக்குத் தெரு முருகன் பெயர் ஒலிக்கும் ஊர் இது; அந்த முருகனின் கதையே இடங்களைப் பற்றிய ஒரு தத்துவம். பிரணவத்தின் பொருள் தெரியாமல் தடுமாறிய பிரமனை முருகன் சிறையில் அடைத்து, படைப்புத் தொழிலைத் தானே ஏற்று நடத்தியதாகக் கந்தபுராணம் சொல்கிறது. படைப்பவன் என்ற இடம் பிரமனுக்கே சொந்தமாக இருந்திருந்தால் அவன் சிறைக்குப் போன அன்றே உலகில் பிறப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. சிவன் கேட்டபின் பிரமன் விடுதலையாகி மீண்டும் அந்த இடத்துக்கு வருகிறான் என்பதும் கதையில் உண்டு; பார்த்தீர்களா, கடைசியில் அவரவர் இடம் அவரவர்க்கே என்று இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் அதே கதையின் தொடர்ச்சியில், சுவாமிமலையில், தந்தை மாணவனாகப் பணிந்து நிற்க, மகன் குருவாகிப் பொருள் உரைக்கிறான். பிறப்பால் வரும் உறவுகளில் மிகத் திடமான தந்தை–மகன் வரிசையே அறிவுக்கு முன் புரண்டுவிடுகிறது. இதை ஆண்டுதோறும் கொண்டாடும் பக்தி மரபு, பிறந்த இடமே முடிந்த இடம் என்ற கொள்கைக்குச் சாட்சி சொல்லாது. வடபழனி கோயிலின் வரலாறும் அப்படியே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீற்றுக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்து வழிபட்டவர் அண்ணாசாமி தம்பிரான். அவருக்குப் பின் இரத்தினசாமி தம்பிரான், அவருக்குப் பின் பாக்கியலிங்கத் தம்பிரான். பொறுப்பு குருவிடமிருந்து சீடருக்குப் போனது, தந்தையிடமிருந்து மகனுக்கு அல்ல. பெரிய அளவில் இதே கேள்வியைத் தமிழகம் சட்டமன்றத்திலேயே எடுத்துக்கொண்டது. கோயில் அர்ச்சகர் பணியில் பரம்பரை உரிமையை ஒழிக்கும் திருத்தம் 1970இல் வந்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஒழிப்பு செல்லும் என்றது. ஆகம விதி என்ன சொல்கிறது என்ற வழக்காடல் பிறகும் நீண்டது. ஆகமம் கற்காதவர் கருவறையில் நிற்கக்கூடாது என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான கவலை. கற்பதற்கு வழி செய்வதுதான் அதற்குப் பதில். பிறப்பைக் கேட்பது பதிலாகாது.

இன்னொரு ஆட்சேபம் எனக்கு இவற்றைவிடக் கனமாகத் தெரிகிறது. இடங்கள் மாறலாம் என்று சொல்வது எளிது, ஆனால் இடங்களுக்குச் சமமான மதிப்பு இல்லையே? எல்லாப் பிள்ளைகளும் ஸ்ட்ரைக்கராகத்தான் ஆசைப்படுகிறார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது 1956இலிருந்து வழங்கப்படுகிறது. அதை வென்ற ஒரே கோல்கீப்பர் சோவியத் ஒன்றியத்தின் லெவ் யாஷின், 1963இல். கோல் போட்டவர் படம் நாளிதழில் வரும், கோலைத் தடுத்த பேக்கின் பெயர் கடைசிப் பத்தியில்கூட வராது. அப்படியிருக்க, மாற்றிக்கொள்ளலாம் என்ற உரிமையால் என்ன நடக்கும்? வலுத்தவன் முன்னால் போவான், சொல்லத் தெரியாதவன் பின்னால் தள்ளப்படுவான். உண்மை. ஆடுகளத்திலும் ஒரு படிநிலை உண்டு, அதை நாம்தான் வெளியிலிருந்து அங்கே கொண்டுபோகிறோம். இங்கே கீதையின் இன்னொரு போதனை, சுதர்மத்தைவிட எனக்கு நெருக்கமான ஒன்று, உதவிக்கு வருகிறது: செயலில் ஈடுபடு, அதன் பலனில் உன்னைக் கட்டிக்கொள்ளாதே. ஆனால் இந்தப் போதனையைப் பேக்கில் நிற்பவனுக்கு மட்டும் சொல்வதுதான் நம் பழக்கம். பெயரும் புகழும் வேண்டாம் என்று பின்னால் நிற்பவனிடம் சொல்லிவிட்டு, முன்னால் நிற்பவனுக்கு மாலை போடுகிறோம். பலனை விடச் சொல்லும் உபதேசத்தை முதலில் கேட்க வேண்டியவர் ஸ்ட்ரைக்கர். எல்லோரும் எல்லா இடத்திலும் நின்று பார்த்த அணியில் இது தானாகவே கொஞ்சம் நடக்கும். ஒரு மாதம் கோலில் நின்ற பிள்ளைக்கு, தன்னைத் தாண்டிப் போன பந்துக்கு முன்னால் எத்தனை பேர் தவறவிட்டார்கள் என்பது தெரியும். அதன்பின் அவன் கோல்கீப்பரைத் திட்டமாட்டான்.

கடைசியாக, பயிற்சியாளர்கள் சொல்வது: இந்தத் தத்துவமெல்லாம் சரி, ஆனால் சின்னப் பிள்ளைக்கு ஒரே இடத்தைத் தந்தால்தான் தேர்ச்சி வரும், சுற்றிச் சுற்றி மாற்றினால் குழம்பிவிடும். தேர்ச்சிக்கு நீண்ட பழக்கம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பதினைந்து, பதினாறு வயதுக்குப் பின் ஒருவர் தனக்கான இடத்தைக் கண்டு அதில் ஊன்றுவதை நான் மறுக்கவில்லை. தங்கராஜும் ஊன்றித்தான் நின்றார். கேள்வி அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றியது. அந்த வயதில் பெரிய மைதானத்தையும் பதினோரு பேரையும் வைத்துக்கொண்டு இடம் கற்பிப்பதே தவறான தொடக்கம் என்று ஃபுட்பால் உலகமே இப்போது வந்துசேர்ந்திருக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் அமைப்பு எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நாலுக்கு நாலு ஆட்டத்தை வைத்தது, அதில் கோல்கீப்பரே கிடையாது. இந்திய ஃபுட்பால் சம்மேளனம் 2018இல் தொடங்கிய கோல்டன் பேபி லீக் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்காக அமைந்தது. அங்கேயும் சிறிய மைதானம், சிறிய அணி. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் காப்பவர், ஒவ்வொருவரும் தாக்குபவர். ஒதுங்கி நிற்க மூலை இல்லை. நம் ஊர் டர்ஃப்களின் குறுகிய அளவு இதற்குத் தோதானது, இடம் போதவில்லை என்று வருந்த வேண்டியதில்லை. ஐந்து பேர் ஆடுவதாக இருந்தாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, கோலில் நிற்பவரை மாற்றலாம். மாறுகிறவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு மாறட்டும், சட்டம் கேட்பதும் அதைத்தான். கவர் என்றால் என்ன, மார்க்கிங் என்றால் என்ன என்பதை அப்போது பலகையில் வரைய வேண்டியிருக்காது. முன்னால் ஓடியவன் விட்ட இடத்துக்கு யார் போவது என்று பிள்ளைகளே ஒருவரையொருவர் கூவி அழைக்கத் தொடங்குவார்கள்.